நாட்காட்டியில் இல்லாதவர்கள்

"இண்டைக்கு லோரன்சியார். இரும்புக் கட்டிலிலை கிடத்தி, கீழை நெருப்பு மூட்டிச் சுட்டவை. ஒரு பக்கம் வெந்தாப் பிறகு, 'இந்தப் பக்கம் பதமாப் போச்சு, மற்றப் பக்கம் திருப்புங்கோ' எண்டு சொன்னவராம்."

பிள்ளைகளே, ரீச்சர் என்னோடு முதன்முதலாகப் பேசிய பேச்சு இதுதான். எழுபதுகளின் நடுவிலே ஓர் ஆகஸ்ட் மாதக் காலை, கிளேற்றன் ஸ்ரேசன். மெல்பேண் குளிர் எப்படிப்பட்டதென்று தெரியாமல் மெல்லிய கோட்டோடு வந்து இறங்கிய நான், இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடுங்கியபடி நின்றேன். சேலைக்கு மேலே ஆம்பிளைக் கோட்டும், கையில் கறுப்புக் குடையுமாய் ஒரு தமிழ் மனுசி பக்கத்தில் வந்து நின்றார். ஊரைக் கேட்பார், பேரைக் கேட்பார் என்று பார்த்தேன். ஒரு மனிதனை உயிரோடு சுட்ட கதையைச் சொல்லிவிட்டு, "நீர் எண்டா என்ன செய்திருப்பீர்?" என்று கேட்டார்.

இந்த நாட்டில் நான் சந்தித்த முதல் தமிழ் ஆளுக்கு மூளை பிசகு என்றுதான் நினைத்தேன். ரெயில் வந்தது. ஏறிப் பக்கத்தில் இருந்து, பையைத் திறந்து, எனக்கு ஒரு கம்பளிக் கையுறை தந்தார். அதுவும் ஒற்றைக் கையுறை. மற்றது துலைந்துவிட்டதாம். "கையை மாத்தி மாத்திப் போடும்" என்றார்.

பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் போவது ஒரே பிஸ்கற் பக்ரரிக்கு என்று. ஊரிலே இருபது வருடம் படிப்பித்தவர் அவர். பாசையூர்க் கத்தோலிக்கர். புருசன் செத்தபிறகு தம்பியிடம் வந்திருந்தார். அவருடைய சான்றிதழ் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மெஷின் பட்டியில் ஓடிவருகிற பிஸ்கற்றில் உடைந்ததைப் பொறுக்குவதுதான் அவர் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், கொழும்புப் பட்டறை ஒன்றில் பிட்டர் வேலை பழகியவன். இங்கே மெஷின் பூட்டுவது, கழற்றுவது, கிறீஸ் பூசுவது என் வேலை. அப்போது நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு ஊரில் இருந்தீர்கள்.

ரீச்சரிடம் பழைய திருநாள் காட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு அர்ச்சியசிட்டவர், அதாவது புனிதர். அதிலும் உரோமாபுரி இராயர்களின் காலத்தில் கொல்லப்பட்ட வேதசாட்சிகள் என்றால் அவருக்கு உயிர். காலையில் வணக்கம், குட்மோனிங் ஒன்றும் கிடையாது. இன்றைக்கு ஆர், எப்படிச் செத்தவர், அதுதான். செபஸ்தியாரை மரத்தில் கட்டி அம்பால் எய்தது. அக்னேசம்மாள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தது. பெர்ப்பேத்துவா கைக்குழந்தையைத் தன் தகப்பனிடம் கொடுத்துவிட்டு மிருகங்களுக்கு முன்னால் போனது. இவ்வளவையும் சந்தை விலை சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார்.

லூசியாவின் படத்தை ஒரு நாள் காட்டினார். ஒரு பெண்பிள்ளை தட்டு ஒன்றை ஏந்தி நிற்கிறாள். தட்டிலே இரண்டு கண்கள், பார்த்தபடி. நான் படத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். விட்டுக்கொடுக்கக் கூடாதென்று, எங்கள் கண்ணப்ப நாயனாரும் கண்ணைத் தோண்டிக் கொடுத்தவர்தான் என்றேன்.

"உங்கடை கண்ணப்பர் அன்பிலை தானாக் குடுத்தவர். தடுத்து நிப்பாட்டச் சிவனும் வந்தவர்," என்றார் ரீச்சர். "எங்கடை சனத்துக்கு ஒருத்தரும் வரேல்லைத் தம்பி."

அந்தச் சனத்திடம் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை என்று அவர் அடிக்கடி சொல்லுவார். இராயனின் சிலைக்கு முன்னால் நெருப்பு இருக்கும். ஒரு சிட்டிகை சாம்பிராணியை எடுத்து அதில் போட்டால் சரி, வீட்டுக்குப் போகலாம். ஒரு இராயன் காலத்தில் அதற்குக் கடதாசிகூடக் கொடுத்தார்களாம், இன்னார் தூபம் போட்டார் என்று, சாட்சிக் கையெழுத்தோடு. போடாமலே போட்டதாகக் கடதாசி வாங்கி வைத்துக்கொண்டு தப்பினவர்களும் இருந்தார்களாம்.

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "உங்கடை கதையிலை எல்லாரும் சாகினம் ரீச்சர். தப்பினவை ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"தப்பினவையை ஆர் நாட்காட்டியிலை போடுறது?" என்றார். ரெயில் பெட்டியில் இருந்த வெள்ளைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

ஆனால் கேள்வியை மட்டும் விடமாட்டார். நீர் எண்டா என்ன செய்திருப்பீர்? ஒவ்வொரு காலையும். ஓடியிருப்பன் என்பேன். சாம்பிராணி என்ன, கற்பூரமும் கொளுத்தியிருப்பன் என்பேன். பகிடி விட்டால் அவரும் சிரிப்பார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்து, கேட்டு, தலையை ஆட்டிவிட்டுத்தான் குடையை விரிப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்துக்குப் பிள்ளையின் மறுமொழியைக் கேட்கிறவர் போல.

பக்ரரியில் அவருக்கு இருந்த மரியாதையையும் சொல்லவேண்டும். பட்டியில் நின்ற பெண்கள் கிரேக்கர், துருக்கியர், இத்தாலியர், யூகோஸ்லாவியர். ஒருவருக்கும் இங்கிலீசு வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இருந்து வருகிற துண்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், வீட்டுக்காரன் கடிதம், எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் ரீச்சரிடம் வரும். அவர் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். கையாலும் முகத்தாலும் விளங்கப்படுத்துவார். ஒப்பமிடலாம் என்றால் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு சரி போட்டுக் கொடுப்பார். அந்தச் சரி இல்லாமல் அந்தப் பெண்கள் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். எங்களை மேற்பார்க்கிற போர்மனுக்கும் இது தெரியும்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு இதுவரை சொல்லாதது.

அடுத்த வருடம் பெப்ரவரி மாதம். நாலு நாளாக நெருப்பு வெய்யில். அன்று காலை ரீச்சர் அப்பொலோனியாவின் கதையைச் சொன்னார், பல்லை எல்லாம் அடித்து உடைத்தார்களாம். பக்ரரிக்குள்ளே பிஸ்கற் சுடுகிற போறணைச் சூடும் சேர்ந்து மூச்சு விடமுடியாது. அந்தச் சூட்டில் பிஸ்கற் மா இளகி, உருளைகளில் அப்பிக்கொண்டது. உருளைகளுக்கு முன்னால் கை போகாதபடி ஒரு கம்பி மூடி இருக்கும். மாவைச் சுரண்ட ஒவ்வொரு முறையும் அந்த மூடியைத் திறக்க வேண்டும், திறந்தால் மெஷின் நிற்கும். பத்து மணிக்குள் ஏழு முறை நின்றுவிட்டது. போர்மன் வந்து, மூடியைக் கழற்றி வை, மெஷின் நிற்காமல் ஓடும்படி செய் என்றார். ஓடுகிற மெஷினில் மூடி இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று பிட்டராகிய எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஸ்பானரை எடுத்தேன். நாலு நட்டு. கழற்றியது நான், பிள்ளைகளே. மூடியைச் சுவரோடு சாத்திவிட்டு நிமிர்ந்தபோது, பட்டியின் அந்தப் பக்கத்தில் இருந்து ரீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் எலெனி கத்தினாள். மாவைத் தள்ளுகிற கிரேக்கப் பெண் அவள், இரண்டு பிள்ளைகளின் தாய். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. மெஷினை நிறுத்தினார்கள். ஒருவரும் அழவில்லை. அவரவர் தங்கள் கையைத்தான் பார்த்தார்கள்.

அவளை ஏற்றிக்கொண்டு போனவுடனே போர்மன் என்னிடம் வந்து, மூடியைத் திரும்பப் பூட்டு என்றார். பூட்டினேன்.

மறுநாள் கன்ரீனில் ஒரு கடதாசி வந்தது. மூடி பூட்டியே இருந்தது, எலெனி தானாகத் திறந்து கையை விட்டாள் என்று எழுதியிருந்ததாம். எல்லாரும் கையெழுத்து வைக்கவேண்டும். எனக்கு அதை வாசிக்கத் தேவையில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போர்மன் சொன்னது போதும். நீங்களும் அம்மாவும் இங்கே வருவதற்கு, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று கம்பனி ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். அது தட்டச்சாகித் தன் மேசையில் இருக்கிறது, ஒப்பம் மட்டும் பாக்கி என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் பயந்துபோய் இருந்தார், முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

கடதாசி ரீச்சரிடம் போயிற்று. இருபது பெண்களும் அவரையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இந்த மனுசி வைக்காது, வைக்கவே வைக்காது என்றுதான் நினைத்தேன். வைக்காவிட்டால் மற்றவர்களும் வைக்கமாட்டார்கள், என் கதி என்ன என்றும் நினைத்தேன். அவர் ஒரு தரம் வாசித்தார். திரும்ப முதலில் இருந்து இன்னொரு தரம் வாசித்தார். போர்மன் பேனையை நீட்டினார்.

ரீச்சர் மூலையில் சின்னதாக ஒரு சரி போட்டார். கீழே கையெழுத்து வைத்தார்.

ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் வைத்தார்கள். நானும் வைத்தேன். எனக்கு வந்தது ஆறுதல் என்று சொன்னால் அது பொய். கண்ணுக்கு முன்னால் ஒரு கோயில் கோபுரம் சரிந்து விழுந்தது போல் இருந்தது. செபஸ்தியார், லூசியா, லோரன்சியார் எல்லாரையும் வாயில் வைத்திருந்த மனுசி, ஒரு பேனையை நீட்டியதும் வைத்துவிட்டாரே.

அன்றிலிருந்து பிளாட்போமில் கதை இல்லை. ரீச்சர் வருவார், பக்கத்தில் நிற்பார், குடையை விரிப்பார். இன்றைக்கு ஆர் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "ஒருத்தரும் இல்லை" என்றார். சாப்பாட்டு நேரத்தில் கடிதம் கொண்டுவந்த பெண்களிடம், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்று கையால் காட்டினார். கண்ணாடி அவருடைய கழுத்தில் தொங்கியது.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. எலெனி நட்டஈடு கேட்டிருந்தாள். விசாரணை நகரத்தில் ஓர் அறையில் நடந்தது. என்னையும் ரீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள். அன்று காலை, குளிர் திரும்ப வந்துவிட்ட பிளாட்போமில், ரீச்சர் நாலு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"இண்டைக்கு பிளாந்தினா. லியோன் எண்ட ஊரிலை ஒரு அடிமைப் பெட்டை, எவ்வளவு வதைச்சும் மறுதலிக்காதவள். ஆனா உமக்கு நான் அவளைச் சொல்லப் போறேல்லை. அவளோடை பிப்லிஸ் எண்டு இன்னொருத்தி இருந்தவள். அவள் முதல்நாளே பயந்து, நான் கிறிஸ்தவள் இல்லை எண்டு சொல்லிப் போட்டாள். அப்பிடியே விட்டிருப்பினம். மற்றவையைப் பற்றியும் ஒரு பொய்யைச் சொல்லு எண்டு திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தவை. அப்பதான் நித்திரையாலை எழும்பின மாதிரி எழும்பி, நான் சொன்னது பொய் எண்டாள்."

"பிறகு?"

"பிறகென்ன. மற்றவையோடை சேத்துக் கொன்று போட்டினம்."

ரெயில் வந்தது. ஏறிய பிறகு, சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நான் பயந்திட்டன் தம்பி. அந்தாள் பேனையை நீட்டினவுடனை ஹெட்மாஸ்ரர் எண்டு நினைச்சுக் கை தானாப் போட்டுது. இருபது வருசப் பழக்கம்."

விசாரணை அறையில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். மூடி அன்று மெஷினில் இருந்ததா என்று கேட்டார்கள். பின்வரிசையில் எலெனி இருந்தாள், வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு. முன்வரிசையில் போர்மன். நான் கவனிக்கவில்லை என்றேன். நாலு நட்டையும் கழற்றியவன் நான், கவனிக்கவில்லை என்றேன். பொய் என்றுகூடச் சொல்லமுடியாத சின்னச் சொல் அது, ஒரு சிட்டிகை அளவு.

பிறகு ரீச்சரைக் கூப்பிட்டார்கள். அவர் குடையைக் கதிரையில் சாத்திவிட்டுப் போனார். எனக்கு விளங்கத்தக்க தெளிவான பள்ளிக்கூட இங்கிலீசில் பேசினார். தான் கையெழுத்து வைத்தது பொய். காலை பத்து மணியில் இருந்து மூடி இல்லை, போர்மன் கழற்றச் சொன்னது தன் காதில் விழுந்தது. தான் மூலையில் சரி போட்டதால்தான் வாசிக்கத் தெரியாத பெண்கள் எல்லாரும் வைத்தார்கள், ஆகவே அவர்களின் பொய்யும் தன்னுடையது.

கம்பனியின் சட்டத்தரணி எழும்பி, அப்படியானால் மூடியைக் கழற்றியது யார், பேரைச் சொல்லுங்கள் என்றார்.

ரீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்றார். பேரில்லாவிட்டால் உங்கள் சாட்சிக்குப் பலம் குறையும் என்று சொல்லிப் பார்த்தார்கள். குறையட்டும், என்னுடைய பொய்யை எடுக்கத்தான் வந்தேன், இன்னொருவரைக் கொடுக்க வரவில்லை என்றார். மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதையே சொன்னார்.

நான் எழும்பியிருக்கலாம். எழும்ப எத்தனை நேரம் இருந்தது என்று உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு ஆள் தண்ணீர் குடித்து, கிளாசை வைத்து, கடதாசியை அடுக்கி, கட்டி எழும்பும் வரைக்கும் நேரம் இருந்தது. நான் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

திரும்பி வருகிற ரெயிலில் கேட்டேன், ஏன் ரீச்சர் என் பேரைச் சொல்லவில்லை என்று. "உம்மடை பிள்ளையளுக்கு இப்ப எத்தினை வயசு?" என்று கேட்டார்.

ஐந்து, மூன்று என்றேன்.

எலெனிக்குக் கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மூடியை யார் கழற்றியது என்று நிலைநாட்ட முடியவில்லை என்பதுதான் காரணம் என்று யூனியன்காரர் கன்ரீனில் வந்து சொன்னார். ரீச்சருக்கு அடுத்த கிழமையே வேலை இல்லை என்றார்கள், பட்டியில் ஆள் கூடிப்போச்சாம். அவர் மேலங்கியை மடித்துக் கொடுத்துவிட்டுப் போன அன்று, பெண்கள் எல்லாரும் மெஷினை விட்டு வந்து வாசலில் நின்றார்கள். துருக்கிக்காரி ஒருத்தி ரீச்சரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். அதே பட்டியில் நின்ற எலெனியின் அக்கா அழுதாள். நான் பின்னால், கிறீஸ் டின்னுக்குப் பக்கத்தில் நின்றேன்.

என்னுடைய கடிதம் அதே மாதம் வந்தது. கம்பனி முத்திரையோடு, ஒப்பத்தோடு. அந்தக் கடிதத்தில்தான் நீங்கள் வந்தீர்கள்.

ரீச்சர் பிறகு மல்கிரேவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பூக் கட்டுகிற வேலைக்குப் போனார். அப்போது அதெல்லாம் வெறும் தோட்டக் காணி. நீங்கள் வந்து மூன்றாம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கறுப்புக் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆளுக்கு ஒரு சோடி கம்பளிக் கையுறை கொண்டுவந்தார், ஒற்றை இல்லை. உங்களை இரண்டு பக்கமும் இருத்திக்கொண்டு லோரன்சியாரின் கதையைத்தான் சொன்னார். சின்னவன் பயந்து அழத் தொடங்கினான்.

"நீர் எண்டா என்ன செய்திருப்பீர்?" என்று மூத்தவளைக் கேட்டார்.

"நெருப்பிலை தண்ணி ஊத்தியிருப்பன்," என்றாள் அவள். ரீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆயிரத்து எழுநூறு வருசமா ஒருத்தருக்கும் இது வரேல்லையே என்றார். அழுதுகொண்டிருந்த சின்னவனையும் விடவில்லை. "அம்மாட்டை ஓடியிருப்பன்" என்றான் அவன்.

குசினியில் இருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மாவையும் கேட்டார். அம்மா யோசித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே சாகிறது, சாம்பிராணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன் என்றாள். ரீச்சர் தலையை ஆட்டினார். "அது உண்மையான மறுமொழி," என்றார்.

அடுத்த கதிரையில் நான் இருந்தேன். ரெயில் பெட்டியில் ஒவ்வொரு காலையும் கேட்டவர் அல்லவா. நான் மறுமொழியோடு காத்திருந்தேன். அன்று கேட்டிருந்தால், அம்மாவுக்கும் உங்களுக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். ஒரு கணம் பார்த்தார்.

"தேத்தண்ணி ஆறுது தம்பி," என்றார். "குடியும்."